தேக்கு எந்தக் குடும்பம்? பெயர்ப்பலகை எழுத உதவி தேவை

நொச்சி_வெள்ளவத்தை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பிள்ளைகளின் பாடசாலைத் தோட்டத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் வேலையைப் பெற்றோர் சிலர் பொறுப்பெடுத்திருக்கிறோம். தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், விஞ்ஞானப் பெயர், அதற்குக் கீழே குடும்பம். முதல் மூன்றும் சுலபமாக முடிந்தன. குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டோம்.

என்னிடம் உள்ள பழைய தாவரவியல் புத்தகம் தேக்கை வேர்பினேசியே என்கிறது. இணையத்தில் லாமியேசியே. இலவமரம் புத்தகத்தில் பொம்பகேசியே, இணையத்தில் மால்வேசியே. நாகமரத்துக்கு மூன்று பெயர் கிடைக்கிறது: குட்டிபெரே, குளூசியேசியே, கலோபிலேசியே. வாசலில் நிற்கும் மாரா மரத்துக்கும் மூன்று: மைமோசேசியே, லெகுமினோசே, பபேசியே. கற்றாழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நாட்டின் தேசிய மரத்துக்கே குடும்பம் எதுவென்று பிள்ளைகளிடம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதை எழுதலாம்? ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

கறுவாக்காடு:

நொச்சி, உயர்தர மாணவர்களுக்குத் தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் தந்த பட்டியலில் இரண்டு விதமான மாற்றங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

லெகுமினோசே, பபேசியே இரண்டும் ஒரே குடும்பத்தின் இரண்டு பெயர்கள். ஒரு குடும்பத்தின் பெயர் அதற்குள் இருக்கும் சாதி (நெருங்கிய இனங்களின் கூட்டம்) ஒன்றின் பெயரோடு ‘ஏசியே’ என்ற விகுதி சேர்ந்து வர வேண்டும் என்பது தாவரப் பெயரீட்டு விதி. மால்வா என்ற சாதியிலிருந்து மால்வேசியே வந்தது இப்படித்தான். ஆனால் ஏற்கெனவே ஊறிப்போயிருந்த எட்டுப் பெயர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். புல், தென்னை, அவரை, கடுகு, கொத்தமல்லி, துளசி, சூரியகாந்தி, மங்குஸ்தான் ஆகியவற்றின் குடும்பங்கள் அவை. இவற்றுக்குப் பழைய பெயரும் செல்லும், புதிய பெயரும் செல்லும். நெல்லைக் கிராமினே என்று எழுதினாலும் போயேசியே என்று எழுதினாலும் பிழை சொல்ல முடியாது.

தேக்கின் கதை வேறு. அது உண்மையிலேயே குடும்பம் மாறியிருக்கிறது. உங்கள் பெயரில் இருக்கும் நொச்சியும் அதனோடு சேர்ந்து போயிருக்கிறது. இரண்டும் முன்பு நாயுண்ணியோடு வேர்பினேசியேயில் இருந்தன. துளசியும் கற்பூரவள்ளியும் லாமியேசியேயில். இந்த இரண்டு குடும்பங்களையும் பிரிக்க அன்று பார்த்தது பூவின் தம்பம் (சூலகத்திலிருந்து எழும் மெல்லிய காம்பு) எங்கிருந்து எழுகிறது என்பதை. துளசியில் நான்காகப் பிளந்த சூலகத்தின் நடுவே அடியிலிருந்து எழும். தேக்கிலும் நாயுண்ணியிலும் உச்சியிலிருந்து எழும். கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் போதும், யாரும் பார்த்துவிடலாம்.

இனிப் பூக்கும் ஒழுங்கைப் பாருங்கள். கொழும்பில் கரையோர ரயில் பாதை நெடுக நாயுண்ணி கிடைக்கும். ஒரு கொத்தைப் பறித்தால் வெளிவட்டத்துப் பூக்கள் விரிந்து நிறம் மாறியிருக்கும், நடுவில் இன்னும் மொட்டுகள். தேக்கின் பூந்துணரில் அப்படியில்லை. ஒவ்வொரு சிறு கிளையிலும் நடுப்பூ முதலில் மலரும், பக்கத்துப் பூக்கள் பிறகு. துளசியிலும் அதே ஒழுங்கு. சூலகத்துக்குள் சூல்வித்து ஒட்டியிருக்கும் விதத்தை ஆராய்ந்து, நொச்சியும் அதன் கூட்டமும் துளசியின் பக்கம் சேர வேண்டியவை என்று சுவீடனைச் சேர்ந்த யுனெல் என்ற தாவரவியலாளர் 1934இலேயே எழுதிவிட்டார். அப்போது டிஎன்ஏ பற்றிய பேச்சே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து டிஎன்ஏ ஒப்பீடும் அவர் சொன்னதையே சொன்னது.

தெஹிவளை_நேர்சரி:

சேர் சொல்வது விளங்குகிறது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பூஞ்செடி, மரக்கன்று விற்பவன். கற்றாழைக்கு லிலியேசியே என்று வாப்பா காலத்துப் பட்டியலில் இருக்கிறது. பிறகு அலோயேசியே என்றார்கள், பிறகு சாந்தோரோயேசியே, இப்போது அஸ்போடெலேசியே. செடி அதே செடி. வெங்காயமும் அப்படித்தான், மூன்று குடும்பம் ஏறி இறங்கிவிட்டது. படித்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய சண்டையை எங்கள் தலையில் ஏன் கட்டுகிறார்கள்? பழையது நூறு வருடத்துக்கு மேல் எல்லாருக்கும் ஒத்துவந்ததே. அதையே வைத்துக்கொண்டால் யாருக்கு நட்டம்?

மூலிகைச்செடி:

நானா, நட்டம் எங்களுக்கு. நான் சித்த மருத்துவம் படிக்கிறேன்.

கீழாநெல்லியையும் அம்மான் பச்சரிசியையும் பழைய புத்தகங்கள் யூபோர்பியேசியே என்ற ஒரே குடும்பத்தில் வைத்திருந்தன. கொழும்பில் எந்த நடைபாதை வெடிப்பிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்கும். இரண்டிலும் ஒவ்வொரு தண்டை ஒடித்துப் பாருங்கள். அம்மான் பச்சரிசியில் பால் வடியும், கீழாநெல்லியில் வராது. அடுத்தது காய். இரண்டும் மூன்று அறையுள்ள சின்னக் காய்கள்தான். முற்றிய காயை நகத்தால் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டினால் அம்மான் பச்சரிசியில் அறைக்கு ஒன்றாக மூன்று விதை, கீழாநெல்லியில் அறைக்கு இரண்டாக ஆறு விதை. இப்போது கீழாநெல்லி, நெல்லி எல்லாம் பிலந்தேசியே என்ற தனிக் குடும்பம். ஆமணக்கு, மரவள்ளி, இறப்பர், அம்மான் பச்சரிசி ஆகியவை யூபோர்பியேசியேயிலேயே இருக்கின்றன.

மருந்துச் செடி படிக்கிறவர்களுக்கு ஒரு குடும்பத்துக்குள் என்ன வகை இரசாயனம் எதிர்பார்க்கலாம் என்ற கணிப்பு மிகவும் முக்கியம். உறவில்லாத செடிகளை ஒரே பெயரில் போட்டுவைத்தால் அந்தக் கணிப்பு பிழைக்கும்.

கறுவாக்காடு:

மூலிகைச்செடி சொன்ன விதைக் கணக்கை நொச்சி பிள்ளைகளுக்குச் செய்துகாட்டலாம். அருமையான பாடம்.

தெஹிவளை நானா பழையதை வைத்துக்கொள்ளலாமே என்கிறார். எந்தப் பழையதை என்பதுதான் என் கேள்வி. இந்த நாட்டிலேயே ஒன்றுக்கு மேல் பழையது உண்டு, முதலாவது கொழும்பிலிருந்துதான் போனது.

1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இங்கே இருந்த போல் ஹேர்மன் செடிகளை உலர்த்தி ஒட்டித் தொகுத்தார். அந்தத் தொகுப்பு பல கைமாறி சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸிடம் போனது. அதை வைத்து அவர் 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’ எழுதினார். தொகுப்பு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. லின்னேயஸ் செடிகளை வகுத்தது பூவின் ஆண் உறுப்புகளான கேசரங்களை எண்ணி. ஒரு கேசரம் ஒரு வகுப்பு, இரண்டு கேசரம் இன்னொரு வகுப்பு. அந்தக் கணக்கில் மல்லிகையும் மிளகும் ஒரே வகுப்பில் வந்தன. நெல்லுக்கு ஆறு கேசரம் என்பதால் அது மற்றப் புற்களை விட்டுப் பிரிந்து வெங்காயம், கற்றாழை, கார்த்திகைப்பூ இருக்கும் வகுப்புக்குப் போனது. விவசாயி எவரும் நெல்லைப் புல்லிலிருந்து பிரிக்க மாட்டார்.

அது செயற்கையான முறை என்பது லின்னேயஸுக்கே தெரியும். என்றாலும் எண்ணத் தெரிந்த எவரும் பயன்படுத்தலாம் என்பதால் நீண்ட காலம் நின்றது. அலெக்சாண்டர் மூன் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை 1824இல் கொழும்பு வெஸ்லியன் மிஷன் அச்சகத்தில் அச்சிட்டபோதும் லின்னேயஸ் முறையைத்தான் பின்பற்றினார். அதற்கு முன்பே, 1789இல், பிரான்சில் ஜுசியூ பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்துச் செடிகளை 100 இயற்கைக் கூட்டங்களாகப் பிரித்துவிட்டார். இன்றைய குடும்பங்களின் ஆரம்பம் அதுதான்.

நானா சொல்லும் நூறு வருடப் பழையது பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட முறை. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இருந்த ட்ரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தன் கைநூலை அதன்படியே அமைத்தார். 1893இல் முதற் பகுதி வந்தது, 1896இல் அவர் இறந்துபோக, ஹூக்கரே மீதியை முடித்து 1900இல் நிறைவாக்கினார். அற்புதமான நூல், இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். 1980இல் தொடங்கிய அதன் திருத்திய பதிப்பிலும் தேக்கும் நொச்சியும் வேர்பினேசியேதான்.

இவர்கள் எல்லாரும் கேட்டது எந்தச் செடி எந்தச் செடி மாதிரி இருக்கிறது என்று. இன்று கேட்பது எந்தச் செடி எதன் வழியில் வந்தது என்று. ஒரு பாட்டன், அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும், ஒருவர் விடாமல், வெளியாள் ஒருவரும் சேராமல் இருந்தால்தான் அது குடும்பம். முகச்சாயலை வைத்துச் சேர்த்தவர்களில் சிலர் இந்தச் சோதனையில் தேற மாட்டார்கள்.

உங்கள் நாகமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மங்குஸ்தான், கொறுக்காய், நாகமரம், புன்னை எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தன. ஆற்றுப் பாறைகளில், வேகமாக ஓடும் தண்ணீருக்குள் பாசிபோல ஒட்டி வளரும் போடோஸ்டெமேசியே என்ற செடிகள் உண்டு. அவற்றைப் பார்த்து மங்குஸ்தானின் உறவு என்று யாருக்குத் தோன்றும்? டிஎன்ஏவோ அவை அந்தக் குடும்பத்துக்கு உள்ளேயே பிறந்தவை என்று காட்டியது. அவற்றையும் உள்ளே சேர்க்க வேண்டும், இல்லையேல் குடும்பத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்தார்கள். நாகமரமும் புன்னையும் கலோபிலேசியே ஆயின, மங்குஸ்தானும் கொறுக்காயும் குளூசியேசியேயில் நின்றன.

கொட்டாஞ்சேனை_உயர்தரம்:

சேர், எனக்கு இரண்டு கேள்வி. இருவித்திலையி என்ற கூட்டமே இனி இல்லை என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது உண்மையா? மற்றது, தாமரையும் அல்லியும் உறவே இல்லை என்றும் சொன்னார்கள். அதை நம்பவே முடியவில்லை.

கறுவாக்காடு:

தம்பி, இரண்டுமே உண்மை. பரீட்சைக்கு மட்டும் உங்கள் வளநூலில் உள்ளபடி எழுதுங்கள்.

1993இல் மார்க் சேஸும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஏறத்தாழ 500 வித்துத் தாவரங்களில் ஒரே பரம்பரையலகை (ஜீனை) ஒப்பிட்டு ஒரு பெரிய வம்சாவளி வரைந்தார்கள். பச்சையவுருமணிக்குள் இருக்கும் ஆர்பிசிஎல் என்ற பரம்பரையலகு அது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் நொதியத்தின் ஒரு பகுதியை ஆக்குவது. பச்சைத் தாவரங்கள் எல்லாவற்றிலும் இருப்பதால் ஒப்பிட வசதி. அந்த வேலையின் தொடர்ச்சியாக 1998இல் பூக்கும் தாவர வம்சாவளிக் குழு, ஏபிஜி என்பார்கள், தன் முதல் வகைப்படுத்தலை வெளியிட்டது. பிறகு 2003, 2009, 2016 என்று திருத்திய பதிப்புகள்.

அதில் கறுவா, மிளகு, அன்னமுன்னா போன்றவை இருவித்திலையிகளின் பெருங்கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டன. அல்லி அவற்றுக்கும் முன்பே தனிக் கிளையாகப் பிரிந்தது. ஒருவித்திலையிகள் இன்றும் ஒரே வம்சக் கூட்டம். மற்ற எல்லாவற்றையும் அள்ளிக் கட்டி இருவித்திலையி என்று ஒரே கூட்டமாகச் சொல்லத்தான் முடியாது. மிஞ்சியிருக்கும் பெருங்கூட்டத்தை மெய்யிருவித்திலையிகள் என்கிறார்கள்.

தாமரை அந்தப் பெருங்கூட்டத்துக்குள் இருக்கிறது. அதன் வருணத்தில் (குடும்பத்துக்கு மேலுள்ள கூட்டத்தில்) உடன் இருப்பவை புரோட்டியா குடும்பமும் குளிர்நாட்டுப் பிளேன் மரமும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைக்கும் கிரேவிலியா மரம் இருக்கிறதே, அதுவும் புரோட்டியா குடும்பம்தான். குளத்துத் தாமரைக்கு அல்லியைவிட அந்த மரம் நெருங்கிய உறவு. இது டிஎன்ஏவால் மட்டும் தெரிந்ததும் அல்ல. தாமரையின் மகரந்தமணியில் மூன்று வாய் உண்டு, மெய்யிருவித்திலையிகளின் அடையாளம் அது. அல்லியின் மகரந்தம் அப்படி இராது. இலையைப் பாருங்கள்: அல்லியில் காம்பு சேருமிடம் வரை ஒரு வெட்டு இருக்கும், தாமரை இலை வெட்டில்லாத முழு வட்டம். இரண்டும் தண்ணீரில் வாழப் பழகியதால் வந்த சாயலைத்தான் நாம் உறவு என்று எடுத்துக்கொண்டோம்.

தெஹிவளை_நேர்சரி:

மாஷா அல்லாஹ், தாமரையும் கிரேவிலியாவும்! இது தெரியாமல் இரண்டையும் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

சரி, மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது எங்கே போய் நிற்கும்? வெங்காயத்தை ஒரு குழு பிரிக்கிறது, அடுத்த பதிப்பில் சேர்க்கிறது. வம்சாவளி ஒன்றுதான் என்றால் முடிவும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

மூலிகைச்செடி:

நானா கேட்டது நியாயமான கேள்வி. இதை வகுப்பில் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. வம்சாவளி இயற்கையில் இருப்பது, குடும்பம் என்ற கோட்டை மனிதர்தான் போடுகிறார்கள். ஒரே கிளையில் எந்த உயரத்தில் வெட்டினாலும் பாட்டனும் பேரப்பிள்ளைகளும் என்ற விதி நிற்கும். வெங்காயத்தைத் தனியாக அலியேசியே என்று வைத்தாலும் சரி, பக்கத்துக் கிளையோடு சேர்த்து அமரில்லிடேசியே என்று வைத்தாலும் சரி. 2003 பதிப்பு இரண்டில் எதையும் எடுக்கலாம் என்று விட்டிருந்தது, 2009இல் பெரிய குடும்பத்தைத் தேர்ந்தார்கள். குடும்பங்கள் அளவுக்கு மேல் சிதறினால் படிப்பிக்க முடியாது என்ற எண்ணம்தான்.

நல்வேளையைக் கடுகுக் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள், பிறகு கிளியோமேசியே என்று பிரித்தார்கள். இன்றும் முடியாத வழக்கு நறுவிலி. 2016 ஏபிஜி அதை பொராஜினேசியே என்ற ஒரே பெரிய குடும்பத்தில் வைக்கிறது. அதே 2016இல் அந்த வருணத்தையே ஆராயும் ஒரு குழு அதைப் பதினொரு குடும்பங்களாகப் பிரித்து, நறுவிலியைக் கோர்டியேசியே என்றது. இரண்டு பக்கமும் வரைந்த வம்சாவளி பெரும்பாலும் ஒன்றுதான். கோடு போட்ட இடம்தான் வேறு.

என் கருத்து: நொச்சி அக்கா, நறுவிலி உங்கள் தோட்டத்தில் இருந்தால் பொராஜினேசியே என்றே எழுதுங்கள். கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலும் அப்படித்தான் வைத்திருக்கிறது.

கொட்டாஞ்சேனை_உயர்தரம்:

பெயர் முழுவதுமாகக் காணாமல் போன குடும்பமும் உண்டா?

கறுவாக்காடு:

உண்டு தம்பி. அச்சாறு போட லொவிக்காய் வாங்குவோமே, அதன் சாதி பிளகோர்ஷியா. அதை வைத்துத்தான் பிளகோர்ஷியேசியே என்ற குடும்பத்துக்குப் பெயர் வந்தது. எங்கும் சேராத வெப்பவலய மரங்களையெல்லாம் போட்டுவைத்த குடும்பம் அது. பிரித்துப் பார்த்தபோது பிளகோர்ஷியா சாதி குளிர்நாட்டு வில்லோ மரத்தின் குடும்பமான சாலிகேசியேக்குள் போய்விட்டது. குடும்பப் பெயர் அதன் மாதிரிச் சாதியோடு கட்டுண்டது. அந்தச் சாதி போன இடத்தில் முந்திய பெயர் ஒன்று இருந்தால் இது அழிந்துவிடும். மிஞ்சிய மரங்களில் மரவெட்டி, அக்கேரியேசியே என்ற வேறு குடும்பத்துக்குப் போனது. எருக்கும் நன்னாரியும் இருந்த அஸ்கிளெபியடேசியேயும் இன்று இல்லை. ரொபேர்ட் பிரவுன் 1810இல் பிரித்த குடும்பம் அது, மறுபடி அலரி, நித்தியகல்யாணியின் அப்போசைனேசியேக்குள்ளேயே வந்துவிட்டது.

நானாவின் கவலைக்கும் ஒரு வார்த்தை. 1998இல் 462 குடும்பங்கள், 2016இல் 416. பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில் நடந்துவிட்டன. 2024இல் கியூவின் தலைமையில் 9,500க்கும் மேற்பட்ட இனங்களில் 353 பரம்பரையலகுகளை ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. ஒற்றைப் பரம்பரையலகில் தொடங்கிய வேலை அங்கே வந்திருக்கிறது. குடும்பங்களில் பெரும்பாலானவை அதிலும் அப்படியே நின்றன. சின்னத் திருத்தங்கள் இனியும் வரும்தான்.

நொச்சி, உங்கள் பட்டியலுக்கு என் பதில் இது. தேக்கு லாமியேசியே. இலவமரம் மால்வேசியே; செவ்வரத்தை, பூவரசு, வெண்டி, துரியான், கொக்கோ எல்லாம் இப்போது அங்கேதான். நாகமரம் கலோபிலேசியே. கற்றாழை அஸ்போடெலேசியே. மாரா மரம் பபேசியே. அதைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு: மைமோசேசியே என்று தனியாக இருந்த கூட்டத்தை அவரைக் குடும்பத்தின் ஓர் உபகுடும்பமாகத்தான் பலர் வைத்திருந்தார்கள். 2017இல் அந்த உபகுடும்பமும் கொன்றையின் உபகுடும்பத்துக்குள் சேர்ந்துவிட்டது. நீங்கள் உபகுடும்பம் எழுதப்போவதில்லை, அதனால் பபேசியே போதும். வேம்பு மீலியேசியே, முருங்கை மொரிங்கேசியே, மா அனகார்டியேசியே. இவை உங்கள் பழைய புத்தகத்தில் உள்ளபடியே.

பழைய பெயர்களைத் தூக்கி எறிய வேண்டாம். ட்ரைமனின் நூலையோ உலர்த்தி ஒட்டிய பழைய ஹெர்பேரியத் தாளையோ நாளைக்கு ஒரு பிள்ளை எடுத்துப் பார்க்கும்போது தேக்கை எந்தத் தலைப்பின் கீழ் தேடுவது என்று தெரிய வேண்டும். குடும்பம் மாறிய மரங்களுக்கு ‘முன்பு வேர்பினேசியே’ என்று சின்ன எழுத்தில் சேருங்கள். எந்த முறை, எந்த வருடம் என்பதும் இருக்க வேண்டும்.

நொச்சி_வெள்ளவத்தை:

சேர், மூலிகைச்செடி, நானா, எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்று மற்றப் பெற்றோரோடு பேசி இப்படி முடிவெடுத்திருக்கிறோம்.

தேக்கு
லாமியேசியே (ஏபிஜி 2016)
முன்பு வேர்பினேசியே

விஞ்ஞானப் பெயரும் சிங்களப் பெயரும் மேலே வரும். குடும்ப வரிகள் இரண்டையும் பெரிய பலகையில் எழுதாமல், அதன் கீழே இரண்டு திருகாணியில் பூட்டும் தனித் தகட்டில் எழுதுகிறோம். அடுத்த பதிப்பு வந்து ஏதாவது மாறினால் அந்தத் தகட்டை மட்டும் கழற்றி மாற்றலாம். நாகமரத்துக்கு ‘முன்பு குளூசியேசியே’ என்று எழுதினால் போதுமா, குட்டிபெரேயும் வேண்டுமா?

கறுவாக்காடு:

குளூசியேசியே போதும். இரண்டும் ஒரே குடும்பத்தின் பெயர்கள்தானே. புன்னை இருந்தால் அதற்கும் அதே தகடு.

தெஹிவளை_நேர்சரி:

புன்னை இல்லையென்றால் சொல்லுங்கள் தங்கச்சி, என்னிடம் நல்ல கன்று இருக்கிறது. தகட்டோடு கொண்டுவந்து தருகிறேன்.